கைகளை எண்ணும் ஊர்

என் கடவுச்சீட்டில் பிறந்த இடம் என்று ஒரு வரி கிடையாது. அதற்குப் பதிலாகப் பூர்வீக ஊர் என்று ஒரு வரி இருக்கிறது. சுவிஸ் நாட்டின் வழக்கம் அது. ஒருவர் எங்கே பிறந்தார் என்பதைவிட, எந்த ஊர் அவரைத் தன் குடியாக ஏற்றுக்கொண்டது என்பதே அங்கே பதிவாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் பிறந்த என் பெற்றோரின் கடவுச்சீட்டுகளிலும், மலையடிவார மருத்துவமனையில் பிறந்த என்னுடையதிலும் அந்த வரியில் ஒரே பெயர்தான் அச்சிடப்பட்டிருக்கிறது. அல்ப்ஸ் மலையில், ஜெர்மன் பேசும் பகுதியில், முந்நூறு பேருக்குச் சற்று மேல் வாழும் ஒரு கிராமத்தின் பெயர். நாளை எனக்கொரு பிள்ளை பிறந்து, அது லண்டனைவிட்டு ஒருநாளும் வெளியே போகாவிட்டாலும், அதன் பூர்வீகமும் அதுவே ஆகும். அந்தப் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை.

பல்கலைக்கழகத்தில் அந்த ஊரைப் பற்றிச் சொல்ல நேரும்போதெல்லாம் எதிரே இருப்பவரின் முகம் மலர்ந்துவிடுகிறது. பனி, மாட்டு மணி, மரவீடு, ஜன்னலில் சிவப்புப் பூ. நான் மறுப்பதில்லை. அவை எல்லாம் அங்கே இருந்தன.

ஊர் என்பது ஒரு தெரு. அதன் மேல்முனையில் தேவாலயம். கீழ்முனையில் ஊருக்குப் பொதுவான சீஸ் செய்யும் கூடம். நடுவில் இரண்டே வகுப்பறைகள் கொண்ட பள்ளிக்கூடமும் அதனோடு ஒட்டிய உடற்பயிற்சி மண்டபமும். மஞ்சள் நிறத் தபால் பேருந்து மணிக்கொரு தடவை வந்து, தேவாலயத்தின் முன்னால் திரும்பிப் போய்விடும். அதற்கு மேலே வீதி இல்லை. நவம்பர் நடுவிலிருந்து சனவரி கடைசிவரை சூரியன் எதிர்மலையின் முகட்டைத் தாண்டி வருவதில்லை. மீண்டும் வருகிற நாளில், எந்த வீட்டின் எந்த ஜன்னலில் முதல் வெயில் விழும் என்பது எல்லாருக்கும் தெரியும். எங்கள் ஜன்னலில் அது கடைசியாக விழும்.

அங்கே வாழ்ந்தவர்களுக்கு மொத்தமாக நான்கு குடும்பப் பெயர்கள்தான். அதனால் ஆட்களைப் பெயரால் அடையாளம் காண முடியாது, வீட்டால்தான் காண்பார்கள். சூளை வீட்டார், மேற்கிணற்று வீட்டார், பாலத்தடி வீட்டார். ஊர்க்காட்டின் விறகு அந்த வீடுகளுக்குச் சீட்டுக் குலுக்கிப் பங்கிடப்படும். கோடையில் மலைமேலுள்ள புல்வெளியில் எந்த வீடு எத்தனை மாடுகளை மேய்க்கலாம் என்பதற்கும் கணக்கு உண்டு. கல்லறைத் தோட்டம் சிறியதாகையால் இருபத்தைந்து வருடம் ஆனதும் குழிகளைத் துப்புரவாக்கி அடுத்தவருக்குக் கொடுப்பார்கள். நண்பகல் பன்னிரண்டிலிருந்து ஒரு மணிவரை யாரும் ஆணி அடிக்கக்கூடாது. தெருவில் எதிர்ப்படும் எவருக்கும் வணக்கம் சொல்லாமல் ஒரு பிள்ளை கடந்துபோனால், அந்தச் செய்தி அது வீடு சேருமுன் வீட்டுக்குச் சேர்ந்துவிடும்.

நாங்கள் பாலத்தடி வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். எங்களை 'மாடியில் இருப்பவர்கள்' என்றார்கள். நாங்கள் அங்கிருந்த கடைசி நாள்வரை எங்களுக்கு இருந்த பெயர் அதுதான்.

அப்பா பள்ளத்தாக்கின் கீழே இருந்த ஊரொன்றில், ஒரு ஹோட்டலின் சமையலறையில் வேலை செய்தார். அம்மா முதியோர் இல்லத்தில் உடுப்புத் துவைத்தார். வந்த முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவின் சட்டைகளை அம்மா வெளிக்கொடியில் காயப்போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமையில் துணி வெளியே தொங்கக்கூடாது என்பது அவருக்குத் தெரியாது. எதிர்வீட்டுப் பெண்மணி தெருவைக் கடந்து வந்து, சட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்து மடித்து, மாடிப்படியில் ஏறி அம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். ஒரு வார்த்தையும் பேசவில்லையாம். அம்மா அதை அன்பு என்று எடுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்தப் பெண்மணி எங்கள் வீட்டில் 'முன்வீட்டம்மா' ஆனார்.

எனக்குப் பதினொரு வயதானபோது நாங்கள் குடியுரிமைக்கு விண்ணப்பித்தோம். அந்த நாட்டில் குடியுரிமையைத் தலைநகரம் மட்டும் முடிவுசெய்வதில்லை. ஊரும் சேர்ந்து முடிவுசெய்யும். முதலில் ஊர்க்குழு ஒன்று அப்பாவையும் அம்மாவையும் அழைத்து, எதிரே தெரியும் மலைமுகடுகளின் பெயர்களைக் கேட்டது. போத்தல்களை எந்தத் தொட்டியில் போடவேண்டும் என்று கேட்டது. பிறகு ஊர்ச்சபை. பூசை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரின் குடிகளெல்லாரும் உடற்பயிற்சி மண்டபத்தில் கூடிக் கை உயர்த்துவார்கள். விண்ணப்பித்தவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும்.

அதற்கு முந்தின வாரம் அம்மா மூன்று நாள் அடுப்படியைவிட்டு நகரவில்லை. முறுக்கு, பயத்தம் உருண்டை, சிப்பிப் பலகாரம்.

"உமக்கு விசர்" என்றார் அப்பா. "அவையள் சீஸைத் தவிர வேறை ஒண்டையும் வாயில வைக்கமாட்டினம்."

"ஏன் வைக்கமாட்டினம்? முன்வீட்டம்மா போன பொங்கலுக்கு மூண்டு தரம் கேட்டு வாங்கினவ."

"அது மரியாதைக்கு. பிறகு மாட்டுக்குப் போட்டிருப்பா."

"நீங்கள் பேசாம இருங்கோ. ஒரு நல்ல காரியம் நடக்கப்போகுது, வெறுங்கையோட நிக்கிறதே? வீட்டுக்கு வீடு ஒரு தட்டுக் குடுத்தாத்தான் எங்களுக்கு மரியாதை."

எங்கள் ஆட்களுக்கு அது அவ்வளவு இயல்பான காரியம். கல்யாணமோ, வீடு குடிபுகுதலோ, எதுவானாலும் அயலுக்குப் பலகாரத் தட்டுப் போகும். அம்மாவுக்கு ஜெர்மன் பேச வராது என்பதால் தட்டுகளைக் கொண்டுபோவதும் பேசுவதும் என் பொறுப்பு.

"எங்கட வீட்டில ஒரு நல்ல காரியம், அதுக்காகத் தாறம் எண்டு சொல்லு பிள்ளை. சிரிச்சுக்கொண்டு சொல்லு."

முதல் வீடு முன்வீட்டம்மாவினது. அம்மா சொன்னபடியே சொன்னேன். என்ன நல்ல காரியம் என்று அவர் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பற்றி வாக்கெடுப்பு நடக்கிறது என்று பதில் சொன்னேன். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் அது. முன்வீட்டம்மா தட்டைக் குசினிக்குள் கொண்டுபோகவில்லை. வாசலில் சப்பாத்து வைக்கும் பலகையின் மேல் வைத்தார். நான் அதைக் கவனித்தேன். கவனித்தும், மற்ற வீடுகளில் அவர்கள் கேட்கும்வரை காத்திருக்காமல், அந்த வசனத்தை நானாகவே முதலில் சொன்னேன். இது அம்மா தந்தது. ஞாயிற்றுக்கிழமை எங்களைப் பற்றி வாக்கெடுப்பு. ஐம்பதுக்கு மேற்பட்ட வாசல்களில், பிழையில்லாத உச்சரிப்பில், சிரித்துக்கொண்டே அதைச் சொன்னேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களை என் வகுப்பறையில் இருக்கவைத்தார்கள். அப்பா சிறுபிள்ளைகளின் கதிரையில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார். அம்மா பட்டுச்சேலைக்கு மேலே குளிர்ச்சட்டை போட்டிருந்தார். கழிப்பறைக்குப் போகவேண்டும் என்று சொல்லி நான் வெளியே வந்தேன். மண்டபத்தின் கதவில் ஒரு கண்ணாடித் துண்டு பதித்திருந்தது. கதவு முழுவதாகச் சாத்தியிருக்கவில்லை.

மரஆலைக்காரர் எழுந்து நின்று பேசிக்கொண்டிருந்தார். மாடியில் இருப்பவர்கள் நல்ல வேலையாட்கள் என்றார். ஆனால் ஊர்ச்சங்கம் எதிலும் அவர்கள் இல்லை என்றார். அத்தோடு, இந்த வாரம் அவர்களின் பிள்ளை வீடுவீடாகத் தட்டோடு வந்து, ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு என்று சொல்லியிருக்கிறது. நம்மிடம் அப்படிப்பட்ட பழக்கம் இல்லை என்றார். யாரும் சிரிக்கவில்லை. தலைவர், விண்ணப்பத்தை மறுக்க விரும்புகிறவர்கள் கை உயர்த்தலாம் என்றார்.

கைகளை எண்ணுவதற்குச் சபையிலிருந்தே இருவரைத் தெரிவுசெய்வார்கள். அன்று இடப்பக்கத்து வரிசைகளை எண்ணியவர் முன்வீட்டம்மா. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டையில், வரிசை வரிசையாக நடந்து, சுட்டுவிரலை ஒவ்வொரு கைக்கும் நேரே நீட்டி எண்ணினார். கடைசி வரிசை முடிந்ததும் நின்றார். தன் இடக்கையை உயர்த்தி, வலக்கை விரலால் அதையும் தொட்டு எண்ணிக்கொண்டார்.

நான் வகுப்பறைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்தேன்.

முடிவைச் சொன்ன பிறகு சபை கலைந்தபோது, முன்வீட்டம்மா அம்மாவிடம் வந்து இரண்டு கைகளாலும் அவருடைய கையைப் பற்றி, அடுத்த முறை என்றார். மற்றவர்கள் எங்களைப் பார்க்காமல் கடந்துபோனார்கள். வீட்டுக்கு வந்ததும் அம்மா அழவில்லை. பட்டுச்சேலையை மடித்துக்கொண்டே சொன்னார்: "பாவம், அவவின்ர கை ஐஸ் மாதிரிக் கிடந்தது. இந்த ஊரே எதிரா நிண்டாலும் அவ எங்களுக்காகக் கை தூக்கியிருக்கிறா. பாத்தனீங்களே முகத்தை?"

நான் கண்டதைச் சொல்லவில்லை. அம்மாவை வருத்தக்கூடாது என்பதற்காக அல்ல. முன்வீட்டம்மாவின் கையைச் சொன்னால் மரஆலைக்காரர் பேசியதைச் சொல்ல வேண்டியிருக்கும். அதைச் சொன்னால் என் வசனத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு ஊர்ச்சபையிலிருந்து வந்த கடிதத்தில், ஊர்ச்சங்கம் எதிலும் சேராதது முதலாவது காரணமாக இருந்தது. இரண்டாவது காரணத்தை நான் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வாசித்துக்காட்டவில்லை. கடிதங்களை வாசிப்பதும் என் பொறுப்புத்தான்.

மூன்று வருடம் கழித்து மீண்டும் விண்ணப்பித்தோம். அதற்குள் அம்மா பெண்கள் பாடற்குழுவில் சேர்ந்து, கடைசி வரிசையின் ஓரத்தில் நின்று உதடுகளை அசைக்கப் பழகியிருந்தார். பலகாரத்தை முடிவு வந்த பிறகு கொடுப்போம் என்று நான் அவரைத் தடுத்திருந்தேன். இந்தமுறை எங்களை ஏற்றுக்கொண்டார்கள், கைதட்டினார்கள். மறுவருடமே லண்டனின் சட்டன் பகுதியில் இருந்த சித்தப்பாவின் அழைப்பில் லண்டன் வந்துவிட்டோம். "பாஸ்போட் தந்தது வெளிக்கிட்டுப் போறதுக்குத்தானே" என்றார் அப்பா. அந்த ஊரில் அதைச் சொல்லியிருந்தால் யாருமே சிரித்திருக்கமாட்டார்கள்.

சட்டனில் ஒவ்வொரு டிசம்பரிலும் அம்மா மூன்று நாள் அடுப்படியில் நிற்பார். முறுக்கு, பயத்தம் உருண்டை, சிப்பிப் பலகாரம். முன்வீட்டம்மாவுக்குப் பொதி போகும். அத்தோடு போகும் கடிதத்தை அம்மா தமிழில் சொல்லச் சொல்ல நான் ஜெர்மனில் எழுதுவேன். எங்களுக்காக நீங்கள் செய்ததை மறக்கமாட்டோம் என்ற வரி ஒவ்வொரு வருடமும் அதில் இருக்கும். நான் அதை மாற்றவுமில்லை, விடவுமில்லை. அழகான, பிழையில்லாத ஜெர்மனில் எழுதினேன். சனவரியில் பதிலாக ஊர்ச்சங்கத்தின் நாட்காட்டி வரும். குசினிச் சுவரில், கோவில் நாட்காட்டிக்குப் பக்கத்தில், பனிமலை தொங்கும்.

கடந்த வருட வசந்தத்தில் முன்வீட்டம்மாவே வந்தார். ஊர்ப் பெண்கள் சங்கம் நான்கு நாள் லண்டன் சுற்றுலா வந்திருந்தது. ஒரு பிற்பகலை எங்களுக்காக ஒதுக்கியிருந்தார். நான் விக்டோரியா நிலையத்துக்குப் போய் அழைத்துவந்தேன். எழுபது வயதைத் தாண்டியிருந்தார். முதுகு மட்டும் நேராகவே இருந்தது. ரயில் பெட்டிக்குள் ஏறியதும் இருந்தவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொருவராக வணக்கம் சொன்னார். ஒரு இளைஞன் காதிலிருந்து இயர்போனைக் கழற்றிவிட்டு, தன்னிடம் ஏதும் கேட்டாரா என்று என்னைப் பார்த்தான்.

"கேளன் பிள்ளை, சீஸ் கொண்டுவந்தவவோ எண்டு" என்றார் அப்பா, வாசலிலேயே. கொண்டுவந்திருந்தார். நான்கு விரல் தடிப்பில் ஒரு துண்டு, பத்திரிகைத்தாளில் சுற்றி. அப்பா அதை முகர்ந்து பார்த்து, "ஊர் மணக்குது" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் புறப்பட்டார்.

அம்மா சோறும் ஐந்து கறியும் சமைத்திருந்தார். முன்வீட்டம்மா கரண்டியால் நிதானமாக எல்லாவற்றிலும் கொஞ்சம் சாப்பிட்டார். பிறகு பலகாரத் தட்டு வந்தது. அப்போதுதான் அம்மா, பல வருடம் காத்திருந்தவரின் குரலில், என் பக்கம் திரும்பினார்.

"சொல்லு பிள்ளை. அண்டைக்கு அவ ஒராள்தான் எங்களுக்காகக் கை தூக்கினவ, அதை நாங்கள் சாகும்வரைக்கும் மறக்கமாட்டம் எண்டு சொல்லு."

எல்லாவற்றுக்கும் அம்மா நன்றி சொல்கிறார் என்று நான் ஜெர்மனில் சொன்னேன். ஆனால் அம்மா பேசிக்கொண்டே தன் கையை உயர்த்திக் காட்டியிருந்தார். முன்வீட்டம்மா அந்தக் கையைப் பார்த்தார். புரிந்துகொண்டார். கையிலிருந்த முறுக்கைத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

அவர் சொன்னது இதுதான். முதல் தடவை எதிராகத்தான் கை உயர்த்தினேன். அதற்கு முன் ஆதரவாக உயர்த்தவே நினைத்திருந்தேன். ஆனால் வாக்கெடுப்புக்கு முன் வாசலில் ஒரு தட்டு வந்துவிட்டது. பிள்ளை வாக்கெடுப்பு என்று வாய்திறந்து சொல்லியும்விட்டது. அதற்குப் பிறகு ஆதரித்தால், ஒரு தட்டுப் பலகாரத்துக்கு விலைபோனவள் ஆகிவிடுவேன். தட்டை வாங்கியவர் எதிர்த்துத்தான் ஆகவேண்டும். ஊரில் எவரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள். இரண்டாம் முறை தட்டு வரவில்லை. அதனால் ஆதரவாக உயர்த்தினேன். இவ்வளவையும் சொல்லிவிட்டு முறுக்கைத் திரும்ப எடுத்துக் கடித்தார். முகத்தில் வெட்கமோ வருத்தமோ இல்லை. நியாயமாக நடந்தவரின் முகம் அது.

"என்னவாம்?" என்றார் அம்மா.

"ரெண்டாந்தரமும் உங்களுக்காகக் கை தூக்கினவவாம்."

அம்மா "ஓ" என்றார். எழுந்துபோய், அவருடைய தட்டில் இன்னும் இரண்டு பயத்தம் உருண்டை வைத்தார்.

மாலையில் நான் அவரை விக்டோரியாவில் விட்டுவிட்டுத் திரும்பியபோது அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

"அவ என்ன சொன்னவ?"

"அதுதானே அம்மா அப்பவே சொன்னனான்."

"வருஷக்கணக்கா அந்த ஊர்க் கிழவியளின்ர உடுப்புத் தோய்ச்சனான் பிள்ளை. பக்கத்தில இருந்து பகல் முழுக்க அலம்புவினம். எனக்குப் பதில் சொல்லத்தான் வராது. விளங்காதெண்டு நினைச்சனியோ?"

நான் கழுவிய தட்டொன்றை எடுத்துத் துடைத்தேன்.

"அவ சொல்லேக்க நான் அவவைப் பாக்கேல்லை. உன்ர முகத்தைத்தான் பாத்தனான். நீ திடுக்கிடேல்லை." குழாயை மூடினார். "உனக்கு முதலே தெரியும், என்ன?"

"ஓம்."

"எப்ப இருந்து?"

"அண்டைக்கே. கதவுக் கண்ணாடியால பாத்தனான்." பிறகு, சொல்லித்தான் ஆகவேண்டும் என்பதால் சொன்னேன். "வாக்கெடுப்பு எண்டு வீடுவீடாச் சொன்னதும் நான்தான். அதையும் காரணமா எழுதியிருந்தவை. அந்தக் காகிதத்தை நான் முழுக்க வாசிக்கேல்லை."

அம்மா கைகளைத் துடைத்துக்கொண்டார். விரல் விரலாகத் துடைத்தார்.

"பதினொரு வயசில சொன்னதுக்கு உன்னை நான் என்ன சொல்ல? தட்டைத் தந்துவிட்டது நான்." சிறிது நேரம் நாட்காட்டியைப் பார்த்தார். "ஆனா அதுக்குப் பிறகு எத்தினை டிசம்பர் போட்டுது? நான் சொல்லச் சொல்ல நீ எழுதினனி. ஒருக்காலும் பேனை நிக்கேல்லை உனக்கு."

"அம்மா, உங்களுக்குக் கவலையா இருக்குமெண்டு…"

"சும்மா இரு. அவ எனக்கு எதிராக் கை தூக்கினவதான். ஊர் முழுக்கப் பாக்கத் தூக்கினவ. கேட்டவுடன என்ர மேசையில இருந்துகொண்டு ஓம் எண்டு சொன்னவ. நீ கதவுக்குப் பின்னால நிண்டனி."

அவர் குரலை உயர்த்தவில்லை. இரவுச் சாப்பாட்டுக்கு அந்தச் சீஸை வெட்டி அப்பாவுக்கு வைத்தார். அவருக்கு எதுவும் தெரியாது, ருசித்துச் சாப்பிட்டார்.

டிசம்பரில் அம்மா பலகாரம் செய்யமாட்டார் என்று நினைத்தேன். செய்தார். மூன்று நாள். பொதி கட்டும்போது நான் வழக்கம்போல் தாளும் பேனாவுமாகப் போய் நின்றேன்.

"தேவையில்லை" என்றார். "நான் எழுதிப்போட்டன்."

கடித உறை ஒட்டப்பட்டிருந்தது. முகவரி அம்மாவின் கையெழுத்தில், பெரிய எழுத்துகளில், ஊர்ப்பெயரில் ஒரு பிழையோடு இருந்தது. அதைத் திருத்தட்டுமா என்று கேட்க வாயெடுத்து, கேட்காமல் விட்டேன். உள்ளே என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. சனவரியில் நாட்காட்டி வந்தது. அதோடு அம்மாவின் பெயருக்கு ஒரு தனிக் கடிதமும் வந்தது. அதை அவர் தன் அலுமாரிக்குள் வைத்துக்கொண்டார். ஜெர்மன் அகராதி ஒன்றையும் நூலகத்திலிருந்து எடுத்து வந்திருந்தார்.

போன மாதம் அம்மாவின் முழங்காலைக் காட்ட மருத்துவமனைக்குப் போனோம். லண்டன் வந்த நாளிலிருந்து அவருடைய ஒவ்வொரு மருத்துவரிடமும் அவருக்காகப் பேசியது நான்தான். அன்று பெயர் கூப்பிட்டதும் நானும் எழுந்தேன். அம்மா என் கைப்பையை என் கையில் தந்து, "நீ இரு" என்றார். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவரே ஏற்கனவே கேட்டுப் பதிந்திருந்தார். கழுத்தில் அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண் வந்து, "வாங்கோ அம்மா" என்று அவரை உள்ளே அழைத்துப்போனார். கதவு சாத்தப்பட்டது. அதன் மேற்பாதியில் சிறியதொரு கண்ணாடி பதித்திருந்தது. நான் எழுந்துபோய்ப் பார்க்கவில்லை.